படகுக்காரரின் பேத்தி சுமந்த நாவல்

விலாசினியின் துணிப்பையில் பதினெட்டுப் புத்தகங்கள் இருக்கும். பத்தொன்பதாவதை வைத்தால் தோள்பட்டை ராத்திரி முழுக்க வலிக்கும் என்பார். செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாளும் காலை ஒன்பதரைக்கு ஆலப்புழை கைதவளப்பு உதயம் வாசகசாலையில் இருந்து கிளம்புவார். கால்வாயின் மேற்குக் கரையில் நடந்து, மூன்றாம் பாலத்தில் தாண்டி, கிழக்குக் கரை வழியாகத் திரும்புவார். மொத்தம் அறுபத்தொரு வீடுகள். வாசகசாலையில் காலையும் மாலையும் ஆண்கள் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் வருவதில்லை. அவர்கள் வராவிட்டால் புத்தகம் அவர்களிடம் போகட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. பதினொரு வருடமாக அந்தத் திட்டம் விலாசினியின் கால்களில் நடக்கிறது.

அதற்கு முன் அவர் கயிறு திரித்தார். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்ற மறுநாளே அம்மா பார்க்கவி அவரை ராட்டினத்தின் முன் நிறுத்திவிட்டார். கூட்டுறவு சங்கம் மூடும்வரை இருபத்தைந்து வருடம் தென்னை நாரோடுதான் வாழ்க்கை. கணவர் சுரேந்திரன் சுற்றுலாப் படகுவீட்டில் சமையல்காரர், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். மகள் மஸ்கட்டில் நர்ஸ். வீட்டில் விலாசினியும் எழுபத்தெட்டு வயது பார்க்கவியும் மட்டும்.

புத்தகம் கொடுப்பதோடு விலாசினி நிற்பதில்லை. திருப்பி வாங்கும்போது, "படிச்சாச்சா? எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார். சொல்வதை அப்படியே ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். மாதக் கடைசி ஞாயிறு, வாசகசாலைச் செயலாளர் பணிக்கர் மாஷ் அந்த நோட்டைப் பெயர்களை விட்டுவிட்டு உரக்கப் படிப்பார். பெயர் சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். 'கதாநாயகிக்கு வேறு வேலையே இல்லையா' என்றால் அது தையல்காரி மேரிக்குட்டி. 'சாப்பாட்டுக் காட்சி எதுவும் சரியில்லை' என்றால் கள்ளுக்கடைச் சமையல்காரர் பைலி. அவருக்கு மனைவியின் உறுப்பினர் அட்டையில்தான் புத்தகம் போகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களுக்குச் செய்தியாளனாகப் போய் வந்ததில், இந்த நோட்டுக்காகவே வருகிறவர்கள் பாதிப்பேர் என்பது எனக்குத் தெரியும்.

அந்த வருடம் ஏப்ரலில் 'எட்டாம் எண் பண்டகசாலை' வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் நடக்கும் கொலைக்கதை. எழுதியவர் ஜேக்கப் புன்னமூடு, கோட்டயத்தில் வங்கி வேலையில் இருப்பவர். கதை நடப்பது எங்கள் கால்வாயில். எங்கள் மூன்றாம் பாலம் அதில் முப்பது தடவையாவது வருகிறது. ஜூனில் வாசிப்பு வாரத்துக்கு ஆசிரியரையே அழைத்துப் பேசவைப்பது என்று முடிவாகி, ஐந்து பிரதிகள் வாங்கினார்கள். வழக்கம்போல ஐந்தையும் பைண்டர் அவறாச்சனிடம் கொடுத்து, மெல்லிய அட்டையைக் கழற்றி, தடித்த அட்டை போட்டுத் தைத்து வாங்கினார்கள். அறுபத்தொரு வீட்டுச் சமையலறைகளை வேறெந்த அட்டையும் தாங்காது.

கதை இதுதான். கயிறு ஏற்றுமதிப் பண்டகசாலையில் தராசுக் கணக்கு எழுதும் ஒருவன் மழை இரவில் காணாமல் போகிறான். மூன்றாம் நாள் தன் வீட்டுத் துறையருகே கால்வாயில் பிணமாக மிதக்கிறான். பணியிடைநீக்கம் செய்யப்பட்ட ஏட்டு மத்தாயி, யாரும் கேட்காமலே துப்புத் துலக்கக் கிளம்புகிறார். சாராயம், மழை, பொய்சொல்லும் பெரிய மனிதர்கள். கம்பெனி ஏஜெண்டு மேல் சந்தேகம், இன்ஸ்பெக்டர் மேல் சந்தேகம். அப்புறம், இடது காலை இழுத்து நடக்கும் ஒரு படகுக்காரன் மேல் சந்தேகம். பிணத்தை அந்த இரவில் படகில் ஏற்றிக்கொண்டு போனது அவன்தான் என்று இருநூற்று எண்பதாம் பக்கத்தில் தெரிகிறது. இருநூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில், கொட்டும் மழையில், மத்தாயி அவன் குடிசை வாசலில் நிற்கிறார். 'கையை உயர்த்திக் கதவைத் தட்டினார். உள்ளே விளக்கு அணைந்தது.' அவ்வளவுதான். அடுத்தது அவறாச்சன் ஒட்டிய வெள்ளைத்தாள்.

ஊர் ஆடிப்போய்விட்டது.

"மாஷே, ராத்திரி தூக்கமே இல்ல. விளக்க அணைச்சுட்டானே பாவி!" என்றார் மேரிக்குட்டி. தையல் இயந்திரத்தின் மேலேயே புத்தகத்தை வைத்துப் படித்து, இரண்டு ரவிக்கைகளில் கையை மாற்றித் தைத்தவர் அவர்.

"உலகத்தரம்," என்றார் பணிக்கர் மாஷ். முப்பத்திரண்டு வருடம் உயர்நிலைப் பள்ளியில் மலையாளம் கற்பித்தவர். "சொல்லாம சொல்றதுதான் இலக்கியம். கதவு திறக்கவே இல்ல பாத்தீங்களா? திறக்கக் கூடாது. திறந்தா அது வாரப்பத்திரிகைத் தொடர்கதை."

பைலிக்கு மட்டும் இது ஒத்துவரவில்லை. "இது என்ன மாஷே, இருநூத்தி எண்பத்தெட்டு பக்கம் இழுத்துட்டு வந்து வாசல்ல விட்டுட்டுப் போறான்? அச்சாபீஸ்ல பேப்பர் தீர்ந்துபோச்சா?"

"பைலி, நீ மீன் தலையைக் கவனி. நாவலை நாங்க கவனிச்சுக்கறோம்."

சிரித்தார்கள். பைலியும் சிரித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு, புரியவில்லை என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் தைரியம் வரவில்லை. பேருந்து நிறுத்தம் வருவதற்கு முன்பே வாசகசாலை கட்டின ஊர் இது. படித்தவர்கள் எல்லோரும் அந்த மூடிய கதவைப் பாராட்டினார்கள். நோட்டில் விலாசினி வரிசையாக எழுதினார்: 'முடிவு அருமை.' 'முடிவு நெஞ்சில் அறைந்தது.' 'முடிவை மூன்று முறை படித்தேன்.' 'கொலைகாரன் படகுக்காரன்தான், ஆசிரியர் சொல்லாமலே புரிகிறது.'

நாலாவது வரியை எழுதும்போது அவர் கை நின்றது.

விலாசினியின் தாத்தா, பார்க்கவியின் அப்பா, கொச்சுகுஞ்ஞு மேற்குக் கரையில் படகு ஓட்டியவர். முப்பத்தாறில் நிஜமாகவே ஒரு பண்டகசாலைக் கணக்கன் கால்வாயில் செத்துக் கிடந்தான். போலீஸ் கொச்சுகுஞ்ஞைப் பிடித்துப்போய்ப் பத்தொன்பது நாள் வைத்திருந்து, ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்டது. போனபோது நேராக நடந்து போனவர், திரும்பியபோது இடது காலை இழுத்துக்கொண்டு வந்தார். கொன்றது யார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அப்பா நொண்டாமல் நடந்து பார்க்கவி பார்த்ததே இல்லை. அவர் பிறந்ததே இரண்டு வருடம் கழித்துத்தான்.

ஊருக்கு இந்தக் கதை மறந்தே போயிருந்தது. நாவல் நினைவுபடுத்தியது.

முதலில் வாய் திறந்தவர் பக்கத்து வீட்டுக் கௌசல்யா. கெட்டவர் என்று சொல்ல முடியாது. மனதில் வருவது வாயில் வந்துவிடும், அவ்வளவுதான். ரேஷன் கடை வரிசையில் நின்றபடி, பின்னால் நின்ற பார்க்கவியிடம் திரும்பிக் கேட்டார்.

"ஏன்க்கா, உங்க அப்பாதானே அது? புத்தகத்துல வர்ற படகுக்காரன்? அப்ப, போலீஸ்காரங்க சும்மா ஒண்ணும் பிடிச்சிட்டுப் போகல போல."

வரிசையில் பதினேழு பேர். பார்க்கவி அரிசி வாங்காமல் பையை மடித்துக்கொண்டு வீடு திரும்பினார். அன்றில் இருந்து வெளியே வரவில்லை. தினமும் நாலு மணிக்குக் கௌசல்யா வீட்டில்தான் அவருக்குச் சாயா. இருபது வருடப் பழக்கம். அதுவும் நின்றது. கோயிலுக்குப் போவதும் நின்றது. கண்புரை இருப்பதால் அவரால் படிக்க முடியாது. மகளைப் படிக்கச் சொன்னார். விலாசினி மூன்று மாலைகளில் முழு நாவலையும் படித்துக் காட்டினார். கடைசி வரி வந்ததும் பார்க்கவி கேட்டார்:

"அப்புறம்?"

"அவ்வளவுதாம்மா."

"விளக்க எதுக்கு அணைச்சான்?"

"தெரியலம்மா. எழுதல."

"எழுதலன்னா? நிரபராதி எவனாவது விளக்க அணைப்பானா?"

 விலாசினி தனியாக இன்னொரு தடவை படித்தார். பென்சிலோடு உட்கார்ந்து, படகுக்காரன் வரும் ஒவ்வொரு பக்கத்தையும் குறித்துக்கொண்டு, அவனைக் காப்பாற்ற ஒரு வாக்கியம் கிடைக்குமா என்று தேடினார். கிடைக்கவில்லை. மூன்றாம் நாள், மீன் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டார்.

"அம்மா, தாத்தா எப்பவாவது அதப் பத்தி உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

பார்க்கவி கத்தியைக் கீழே வைத்தார். "நீயுமாடீ?"

இரண்டு நாள் மகளோடு பேசவில்லை.

இதற்கிடையில் புத்தகத்துக்கு வரிசை கட்டி ஆள் நின்றது. ஐந்து பிரதிகளும் ஒரு வீட்டில் இருந்து அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தன. கொண்டுபோனது விலாசினி. வாசலில் நின்று, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டு, தன் தாத்தாவைக் கொலைகாரன் என்று சொல்வதைத் தன் கையாலேயே எழுதினார். இரண்டு பிரதிகள் தொலைந்துவிட்டதாகச் சொல்லிவிடக் கூடாதா என்று நானே கேட்டேன்.

"ஒளிச்சு வைக்கலாம் சாரே. ஆனா ஒளிச்சா, அப்ப நெசம்தான்னு ஆயிடும். புத்தகம் போகட்டும். எழுதினவரு வரட்டும். அவர்கிட்ட கேட்டுக்கறேன்."

ஆனால் கேட்கப் போவது தானில்லை, அம்மா என்று அவருக்கு அப்போது தெரியாது.

ஜூன் கடைசி ஞாயிறு. காலையில் இருந்தே மழை. மாலை மூன்றரைக்கு வாசகசாலை மாடிக்கூடத்தில் நூற்று நாற்பது பேர். நூறு நாற்காலிதான் உண்டு. மீதிப்பேர் சன்னல் திட்டிலும் படிக்கட்டிலும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். குடைகளை மூலையில் குவித்ததில் தண்ணீர் ஓடி மேடைக்கு அடியில் தேங்கியது. பரிப்புவடையும் பால் விடாத கட்டன்சாயாவும் கூட்டத்துக்கு நடுவே தலைக்கு மேலாகக் கை மாறின. ஆறரைக்குள் செய்தி அனுப்ப வேண்டியிருந்ததால் நான் தூண் ஓரமாகப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

பின்வரிசையில் பொன்கரை போட்ட கசவுப் புடவை கட்டிக்கொண்டு பார்க்கவி உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதத்தில் முதல்தடவை வெளியே வந்திருக்கிறார். விலாசினி பக்கத்தில் அம்மாவின் முழங்கையைப் பிடித்தபடி இருந்தார்.

"வாய மூடிட்டு இருக்கணும்னு சொன்னியா?" என்று பார்க்கவி கேட்டது எனக்குக் கேட்டது.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா."

"சொன்னாலும் கேக்கப் போறதில்ல."

ஜேக்கப் புன்னமூடு ஒல்லியான மனிதர். நாற்பத்தைந்து வயது. நனைந்த சட்டையோடு மேடையில் கூச்சமாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பணிக்கர் மாஷ் வரவேற்புரையை ஆரம்பித்துப் பதினோரு நிமிடம் பேசினார்.

"...எத்தனையோ எழுத்தாளர்களுக்குக் கதவைத் திறக்கத் தெரியும். மூடி வைக்கத் தெரிஞ்சவங்க ரொம்பக் கொஞ்சம். அந்தக் கடைசி வரியில, விளக்கு அணைஞ்சதும் சட்டுன்னு பேனாவைக் கீழ வச்சிங்க பாருங்க, அங்கதான் சார் நீங்க எழுத்தாளர்!"

கைதட்டல். ஆசிரியரும் தட்டப் போனார், பாதியில் கையை இறக்கிக்கொண்டார். பணிக்கர் மாஷ் எழுதிய அழைப்புக் கடிதத்தில் 'உங்கள் திறக்காத கதவு' என்று இருந்ததை ஏதோ உருவகம் என்று அவர் நினைத்திருந்தாராம். பின்னால் சொன்னார்.

மேரிக்குட்டி எழுந்தார். "சார், அந்தப் படகுக்காரனை நீங்க பேசவே விடலையே. அவன் பக்கம் ஒரு வார்த்தையாவது கேட்டிருக்கலாம்."

"பேசவே விடலையா?" ஆசிரியர் குனிந்து மைக்கைப் பிடித்தார். "சேச்சி, அவன் பதினோரு பக்கம் பேசறானே?"

கூடத்தில் ஒரு முனகல். பணிக்கர் மாஷ் புன்னகையோடு மேரிக்குட்டிப் பக்கம் திரும்பி, "மௌனத்தைச் சொல்றார், மௌனத்தை," என்று விளக்கினார்.

அப்போதுதான் பார்க்கவி எழுந்தார். மகளின் கையை உதறிவிட்டார். ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

"சாரே, நான் கொச்சுகுஞ்ஞு மகள். படகுக்காரன் கொச்சுகுஞ்ஞு. அவரோட காலை ஒடிச்சது போலீசு. நீங்க எழுதின படகுக்காரனுக்கும் அதே காலுதான், அதே பாலத்தடிதான். எனக்கு எழுபத்தெட்டு வயசு. ரெண்டு மாசமா எனக்கு ஊர்ல நடக்க முடியல. எங்க அப்பா கொன்னாருன்னு நீங்க எதை வச்சு எழுதினீங்க? அதை மட்டும் சொல்லுங்க, நான் வீட்டுக்குப் போறேன்."

 பார்க்கவிக்கு முன்வரிசையில் கௌசல்யா தலையைக் குனிந்துகொண்டார்.

ஆசிரியர் எழுந்து நின்றுவிட்டார்.  "அம்மா, அவன் கொல்லவே இல்லையே! யார் சொன்னது அவன் கொன்னான்னு?"

"உங்க புத்தகம்தான்."

"எந்த இடத்துல?"

"விளக்க அணைச்ச இடத்துல!" என்று நாலைந்து குரல்கள் ஒன்றாக வந்தன.

ஆசிரியர் பணிக்கர் மாஷின் கையில் இருந்த பிரதியை ஏறக்குறையப் பிடுங்கினார். கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். வெள்ளைத்தாளைப் பிரித்தார். மறுபடியும் முன்னால் வந்தார். தையலை விரலால் தடவிப் பார்த்தார். மேசைமேல் இருந்த இன்னொரு பிரதியையும் பிரித்தார். அப்புறம் தலையில் கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாஷே, என் புத்தகத்துக்கு முந்நூத்தி நாலு பக்கம். இதுல பதினாறு பக்கத்தைக் காணோம்."

 படிக்கட்டுப் பக்கம் இருந்து பைலியின் குரல் இடிபோல வந்தது.

"நான் அன்னிக்கே கேட்டேனா இல்லையா! பேப்பர் தீர்ந்துபோச்சான்னு கேட்டேனா இல்லையா! மீன் தலையைக் கவனின்னு சொன்னாங்களே!"

கூடம் வெடித்தது. சிரித்து முடித்தவர்கள் ஒவ்வொருவராக ஒரே பக்கம் திரும்பினார்கள். மூன்றாம் வரிசை ஓரத்தில் பைண்டர் அவறாச்சன் மெல்ல எழுந்துகொண்டிருந்தார்.

"அஞ்சையும் ஒண்ணாத்தான் பிரிச்சேன்," என்றார் யாரையும் பார்க்காமல். "பதினாறு பதினாறு பக்கமா அடுக்கி வச்சேன். கடைசி அடுக்கு... கர்த்தாவே... அழுத்தற பலகை ஆடிச்சுன்னு அடியில கொஞ்சம் காகிதம் சொருகினேன்." குடையை எடுக்காமலே கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். கடை ஐம்பதடி தூரம்தான்.

அவர் திரும்பும்வரை ஆசிரியர் பார்க்கவியைப் பார்த்தே பேசினார். "அம்மா, பழைய கோப்பு ஒண்ணுல ஒரே ஒரு வரி பார்த்தேன். 'படகோட்டி ஒருவன் பத்தொன்பது நாள் விசாரிக்கப்பட்டு, சாட்சியம் இல்லாததால், இடது கால் ஊனத்துடன் விடுவிக்கப்பட்டான்.' பேர்கூட இல்ல. பத்தொன்பது நாள் அடி வாங்கியும் ஒருத்தன் எதுவுமே சொல்லலன்னா, சொல்லக் கூடாதது ஏதோ அவன்கிட்ட இருந்திருக்கணும்னு நினைச்சேன். அதுக்காகத்தான் இந்த நாவலே எழுதினேன். நெசத்துல கொன்னது யாருன்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனா அவரா இருக்கும்னு நான் ஒரு நாள்கூட நினைச்சதில்ல."

"பத்தொன்பதுதான்," என்றார் பார்க்கவி. "சரியாத்தான் எழுதியிருக்காங்க."

அவறாச்சன் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். மடிப்பு அப்படியே இருந்த ஐந்து கட்டுகள், நசுங்கித் தட்டையாகி, பசைக்கறை படிந்து. ஆசிரியர் ஒன்றை எடுத்து மடிப்பைப் பிரித்து, உட்காராமலே படிக்க ஆரம்பித்தார். இருநூற்று எண்பத்தொன்பதாம் பக்கம்.

கதவு திறக்கிறது. படகுக்காரன் விளக்கை அணைத்தது, உள்ளே பாய்க்கு அடியில் படுத்திருக்கும் ஒரு குழந்தையின் முகம் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று. செத்துப்போன கணக்கனின் மகள். கொன்றது இன்ஸ்பெக்டர். கம்பெனி ஏஜெண்டுக்காகச் செய்தான். பண்டகசாலை மாடியில் இருந்து அதை நேரில் பார்த்தவள் அந்தக் குழந்தை மட்டும்தான். படகுக்காரன் பிணத்தை ஏற்றிக்கொண்டு போனது, நீரோட்டம் கடலுக்கு இழுத்துப் போய்விடாமல் கணக்கனின் வீட்டுத் துறையில் சேர்க்க. குழந்தையை இரவோடு இரவாக வேறிடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் காலை போலீஸ் வருகிறது. குழந்தை எங்கே என்று பத்தொன்பது நாள் அடிக்கிறது. அவன் வாயைத் திறப்பதில்லை. கடைசிப் பக்கத்தில், இப்போது இரண்டு காலையும் இழுத்துக்கொண்டு வெளியே வருகிறவனைத் தாங்கிப் பிடிக்க மத்தாயி வாசலில் நிற்கிறார். 'எத்தனை மைல் போக வேண்டும்?' என்று கேட்கிறார் மத்தாயி. 'படகு இருக்கிறதே,' என்கிறான் அவன்.

படித்து முடிக்கும்போது மேரிக்குட்டி முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார்கள்.

"அப்ப, விளக்க அணைச்சது குழந்தைக்காகவா?" என்று கேட்டார் பார்க்கவி.

"ஆமாம்மா."

"அது சரி," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். விலாசினி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று என் இடத்தில் இருந்து தெரியவில்லை. பார்க்கவி மகளின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி, இன்னொரு கையால் நேரே வந்த தட்டில் இருந்து ஒரு பரிப்புவடையை எடுத்துக்கொண்டார்.

கூட்டம் நாவலை விட்டுவிட்டு மாஷைப் பிடித்துக்கொண்டது. கிண்டல்களை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர் தொண்டையைச் செருமினார்.

"எது எப்படியோ, இலக்கியத் தரம்னு பார்த்தா நான் பழைய முடிவு பக்கம்தான்."

"சந்தோஷம் மாஷே," என்றார் ஆசிரியர். "ஆனா அதை எழுதினது நான் இல்ல, அவறாச்சன். பொன்னாடையை அவருக்குப் போடுங்க."

உண்மையிலேயே போட்டார்கள். நனைந்த சட்டைக்கு மேல் சால்வையோடு அவறாச்சன் நெளிந்த படம்தான் மறுநாள் எங்கள் பத்திரிகையில் வந்தது.

பைண்டர் திங்கட்கிழமையே ஐந்து பிரதிகளையும் பிரித்துத் திரும்பத் தைத்துவிட்டார். அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். விலாசினி நினைக்கவில்லை. ஞாயிறு கூட்டத்துக்கு வராதவர்கள் பாதிப்பேர். அவர்கள் வீட்டில் எல்லாம் தாத்தா இன்னும் கொலைகாரர்தான். நோட்டை எடுத்து, அந்த நாவலைப் படித்த நாற்பத்துமூன்று வீடுகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினார். வேலை நாளா விடுமுறை நாளா என்று பார்க்காமல் புறப்பட்டார்.

"இன்னும் பதினாறு பக்கம் இருக்கு சேச்சி. படிச்சுட்டுக் கொடுங்க, நான் இங்கேயே நிக்கறேன்."

பெரும்பாலானவர்கள் ஆசையாகத்தான் வாங்கினார்கள். மூன்றாம் பாலத்தடியில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மட்டும் கையை நீட்டவே இல்லை.

"வேண்டாம்மா. நான் ஏற்கெனவே மனசுல முடிவு பண்ணிட்டேன். யாரு, என்ன, ஏது எல்லாம் தெளிவா இருக்கு. இனிமே போய் மாத்திட்டு இருக்க முடியாது."

விலாசினி குடையை மடக்கி, அவர் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "மெதுவாப் படிங்க. எனக்கு அவசரமே இல்ல."

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தபால்காரர் உள்ளே போனார், வெளியே வந்தார், வானொலியை வைத்தார், நிறுத்தினார். கடைசியில் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து புத்தகத்தை வாங்கினார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த இன்ஸ்பெக்டர் பயல் மேல எனக்கு ஆரம்பத்துலயே ஒரு சந்தேகம் இருந்துச்சு," என்றார்.

"இருந்திருக்கும்," என்றார் விலாசினி.

மூன்று நாளில் நாற்பத்திரண்டு வீடுகள் முடிந்தன. வாரக் கடைசியில் அவரைப் பார்த்தபோது தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். "தூக்கம் வருது சாரே," என்றார். "ரெண்டு மாசமாப் படுத்தா அந்த விளக்குதான் வரும். இப்ப படுத்ததும் தூக்கம்."

மிச்சம் இருந்தது பக்கத்து வீடு. கௌசல்யா ஞாயிற்றுக்கிழமை கூட்டத்திலேயே எல்லாவற்றையும் கேட்டவர். அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் விலாசினியின் எண்ணம். பார்க்கவி ஒத்துக்கொள்ளவில்லை. சரியாக நாலு மணிக்குப் புத்தகத்தைத் தானே எடுத்துக்கொண்டு கிளம்பினார். மகள் பின்னாலேயே போனார்.

கௌசல்யா கதவைத் திறந்ததும் கண் கலங்கிவிட்டார். "அக்கா, நான் அன்னிக்கு வரிசையில ஏதோ வாய்தவறி..."

"அதை விடு. எனக்குக் கண்ணு தெரியல. எழுதினவரு அன்னிக்கு வேகமாப் படிச்சுட்டாரு. நீ படி, நான் கேக்கறேன்."

பார்க்கவி வராந்தா நாற்காலியில் உட்கார, கௌசல்யா வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டே படித்தார். முதலில் குரல் எழும்பவில்லை. தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரிப் படிக்கச் சொன்னார் பார்க்கவி. கதவு திறந்தது, குழந்தை வந்தது, போலீஸ் வந்தது. ஒன்பது, பத்து, பதினொன்றாம் பக்கம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கௌசல்யா நிறுத்தினார்.

"அக்கா, சாயா போடட்டுமா?"

"போடலாம், போடலாம்," என்றார் பார்க்கவி, நாற்காலியில் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டு. "முதல்ல முடி. இன்னும் அஞ்சு பக்கம் இருக்கு."